இன்று எங்கே இடறலாம்?

ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிங்கப்பூரின் தேக்காவைச் சுற்றி நடப்பவர் காதில் திருச்சி என்ற பெயர் விழாமல் போகாது. சிராங்கூன் ரோட்டை ஒட்டிய பயண முகவர் கடைகளில் டிக்கெட் எடுக்க வருபவர் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விகள். என்ன விலை? எத்தனை கிலோ கொண்டுபோகலாம்? தங்கைக்குச் சேலை, அப்பாவுக்குத் தைலம், பிள்ளைகளுக்கு சாக்லேட் என்று முஸ்தபா கடையில் வாங்கியதெல்லாம் எடைக்குள் அடங்கிவிட்டால் அவருடைய கவலை தீர்ந்தது.

அவர் ஏறும் விமானத்தை ஓட்டப்போகிற இருவருக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. இன்றைய பயணத்தில் நம்மை எது சிக்கலில் மாட்டிவிடலாம்?

கேள்வி பொதுவானதுதான். பதில் மட்டும் நாளுக்கு நாள் மாறும். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 150 நாள்களுக்கு மேல் இடி இடிக்கிறது. மின்னல் எச்சரிக்கை வந்தால் சாங்கி விமான நிலையத்தில் திறந்தவெளி ஊழியர்கள் வேலையை நிறுத்திவிட்டு உள்ளே போய்விடுவார்கள். பெட்டிகள் ஏறாது, புறப்பாடு தாமதமாகும், இழந்த நேரத்தைப் பிடிக்க மனசு பரபரக்கும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் விடிவதற்கு முன்பே சுமத்ரா பக்கமிருந்து சூறைக்காற்றும் மழையும் ஒரே வரிசையாகக் கிளம்பி வரும். வங்காள விரிகுடாவின் மேலே மழைமேகங்கள் மலைபோல் எழுந்து நிற்கலாம். போய்ச் சேரும் திருச்சியின் ஓடுபாதை ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர்தான். சாங்கியில் அது நான்கு கிலோமீட்டர். இவற்றில் எதுவும் விமானியின் தவறில்லை. ஆனால் இவை ஒவ்வொன்றும் அவரைத் தவறு செய்யத் தூண்டக்கூடியவை. இவற்றை முன்கூட்டியே பெயர் சொல்லி அடையாளம் காண்பதுதான் முதல் வேலை.

விமானத் துறையில் இதற்கு ‘த்ரெட் அண்ட் எர்ரர் மேனேஜ்மென்ட்’ என்று பெயர். சுருக்கமாக டெம். தமிழில் இடர்-பிழை மேலாண்மை எனலாம். இன்று சிங்கப்பூரில் விமானியாகப் பயில்பவர் முதல் பாடத்திலேயே இதைச் சந்திக்கிறார். அவருக்கு உரிமம் கிடைப்பதற்கும், கிடைத்த உரிமத்தைத் தக்கவைத்துக்கொள்வதற்கும் இது கட்டாயம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2006 முதல் இதை விமானி உரிமத்துக்கான விதிகளிலேயே சேர்த்துவிட்டது.

இது ஆய்வறையில் உட்கார்ந்து யோசித்து வந்த கொள்கை அல்ல. அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஹெல்ம்ரைச் என்ற உளவியலாளர் இருந்தார். விபத்து நடந்தபின் சிதைவுகளைப் புரட்டிப் பார்ப்பதோடு நிற்காமல், ஒன்றும் நடக்காத சாதாரணப் பயணங்களில் விமானி அறைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க அவரும் குழுவினரும் விரும்பினார்கள். 1994-இல் டெல்டா ஏர்லைன்ஸின் விமானிகள் பின்னே பார்வையாளர்கள் உட்கார்ந்தார்கள். 1996-இல் கான்டினென்டல் ஏர்லைன்ஸில் அதே முயற்சி விரிவடைந்தது. விமானியின் பெயரை எழுதுவதில்லை, தண்டனை கிடையாது என்பது ஒப்பந்தம். அது இல்லையென்றால் யார்தான் இயல்பாக நடந்துகொள்வார்கள்?

கிடைத்த முடிவு விமான நிறுவனங்களுக்கே அதிர்ச்சியாக இருந்தது. பத்திரமாகப் போய்ச் சேர்ந்த பயணங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் ஏதாவது ஒரு பிழை நடந்திருந்தது. தவறான உயரத்தைக் கணினியில் பதித்தல், கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்னதை வேறு மாதிரிக் கேட்டுக்கொள்ளுதல், சரிபார்ப்புப் பட்டியலில் ஒரு வரியைத் தாண்டிவிடுதல். நல்ல விமானிகள், அனுபவசாலிகள், எல்லோருமே செய்தார்கள். பிழை செய்யாத விமானியை உருவாக்குவதுதான் பயிற்சியின் இலக்கு என்று அதுவரை இருந்த நம்பிக்கை அங்கே ஆட்டம் கண்டது. அந்தப் பிழையை யார் எப்போது கண்டுபிடித்தார், கண்டுபிடித்ததும் என்ன செய்தார் என்பதே விமானிக்கும் விமானிக்கும் இடையிலான வேறுபாடு என்று தெரிந்தது.

ஆகவே பயிற்சியாளர்கள் மூன்று படிகளைப் பிரித்துச் சொல்கிறார்கள். வெளியிலிருந்து வருவது இடர். விமானி செய்வதோ செய்யத் தவறுவதோ பிழை. இரண்டையும் கவனிக்காமல் விட்டால் விமானம் இருக்கக் கூடாத நிலைக்குப் போகும். இருக்க வேண்டியதைவிட உயரமாக, வேகமாக, அல்லது இருக்கக் கூடாத பாதையில். மூன்றாம் படியிலும் மீளலாம். ஆனால் நேரம் விநாடிக் கணக்கில்தான் இருக்கும்.

சிங்கப்பூரில் இந்தப் பாடத்தை நடத்த வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை.

2000 அக்டோபர் 31. சிங்கப்பூரிலிருந்து தைப்பே வழியாக லாஸ் ஏஞ்சலிஸ் செல்லும் எஸ்க்யூ 006, போயிங் 747 விமானம். 179 பேர் இருந்தார்கள். சாங்சேன் சூறாவளி தைவானை நெருங்கிக்கொண்டிருந்தது. நள்ளிரவுக்கு முக்கால் மணி நேரம் இருந்தபோது, கொட்டும் மழையில், பக்கவாட்டுக் காற்றில் விமானம் ஓடுபாதையை நோக்கி நகர்ந்தது. விமானி அறையில் மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் போக வேண்டியது 05 இடது. அதற்கு இணையாக, அதற்கு முன்பே வருவது 05 வலது. அந்த வலது ஓடுபாதையின் ஒரு பகுதியில் கட்டுமானப் பணி நடந்துகொண்டிருந்ததால் அதை மூடியிருந்தார்கள். இந்த அறிவிப்பு விமானிகளிடம் இருந்தது. அவர்கள் அதைப் படித்தும் இருந்தார்கள்.

ஆனாலும் விமானம் வலது ஓடுபாதையில் திரும்பி நின்றது.

எப்படி என்பதைத் தைவான் புலனாய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட அறிக்கை விரிவாகச் சொல்கிறது. மூவரின் கவனமும் காற்றிலும் மழையிலும் வழுக்கும் தரையிலும் குவிந்திருந்தது. சூறாவளி நெருங்க நெருங்க நிலைமை மோசமாகும் என்ற அவசரம் வேறு. தரையில் பச்சை விளக்குகளின் வரிசை அந்த வலது ஓடுபாதைக்குள் வளைந்து அழைத்துச் சென்றது. மூடிய ஓடுபாதையின் வாயிலில் தடுப்பு எதுவும் இல்லை. விமானங்கள் தரையில் எங்கே நிற்கின்றன என்று காட்டும் ரேடார் அந்த விமான நிலையத்தில் இல்லை. மழையில் கோபுரத்திலிருந்து பார்த்தாலும் தெரியாது.

ஒரே ஒரு சாட்சி உள்ளேயே இருந்தது. மங்கலான வெளிச்சத்தில் ஓடுபாதையின் நடுக்கோட்டில் விமானத்தைச் செலுத்த உதவும் சிறு கருவி ஒன்று 747-இல் உண்டு. சரியான ஓடுபாதையில் நேராக நின்றால் அது விழித்துக்கொள்ளும். அன்றைக்கு அது விழிக்கவில்லை. விழிக்கவில்லை என்பதை விமானிகள் கவனித்தார்கள், வாய்விட்டுப் பேசவும் செய்தார்கள். பரவாயில்லை, ஓடுபாதைதான் கண்ணுக்குத் தெரிகிறதே என்று முடிவானது. கண்ணுக்குத் தெரிந்தது உண்மையில் ஓர் ஓடுபாதைதான். அது வேறு ஓடுபாதை என்பதுதான் சிக்கல்.

விமானம் வேகமெடுத்து எழும்பும் நேரத்தில் கான்கிரீட் தடுப்புகளிலும் மண் தோண்டும் இயந்திரங்களிலும் மோதிச் சிதறித் தீப்பற்றியது. 83 பேர் இறந்தார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு அதுவரை உயிரிழப்புடன் கூடிய விபத்தே இல்லை.

அறிக்கையை ஒட்டித் தைவானுக்கும் சிங்கப்பூருக்கும் கருத்து வேறுபாடு எழுந்தது. விமான நிலையத்தின் குறைகளுக்கு உரிய எடை கொடுக்கப்படவில்லை என்றது சிங்கப்பூர்த் தரப்பு. அந்த வாதம் நியாயமானதே. ஆனால் பயிற்சி வகுப்பில் அது இரண்டாம் பட்சம். விளக்கு சரியில்லாத விமான நிலையத்துக்கு நாளைக்கும் ஒரு விமானி போகத்தான் போகிறார். பெரிய இடரான சூறாவளியைச் சமாளிக்கும் முயற்சியில், கையில் கிடைத்த சிறிய சாட்சியைத் தள்ளிவிடாமல் இருக்க அவரை எப்படிப் பழக்குவது? இங்கே பயிற்சி உண்மையில் தொடங்குகிறது.

சாங்கி விமான நிலையத்துக்கு அருகே, அப்பர் சாங்கி ரோடு ஈஸ்ட்டில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பயிற்சி மையம் இருக்கிறது. தீவின் வடக்கே, சிலேத்தார் வான்வெளித் தொழிற்பூங்காவில் ஏர்பஸ் நிறுவனமும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் கூட்டாக நடத்தும் ஏர்பஸ் ஆசியப் பயிற்சி மையம் 2016-இல் முறைப்படி திறக்கப்பட்டது. அங்கே எட்டு முழுமையான சிமுலேட்டர்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. போயிங் வகைகளுக்காகக் கனடாவின் சிஏஇ நிறுவனத்தோடு இன்னொரு கூட்டு முயற்சியும் இருக்கிறது. அடிப்படைப் பயிற்சிக்கு மாணவர்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த் அருகே ஜன்டகாட்டுக்குப் போய்ச் சிறிய விமானங்களில் பறக்கிறார்கள். சிங்கப்பூரின் வான்வெளியில் அதற்கு இடம் குறைவு.

வெளியிலிருந்து பார்த்தால் சிமுலேட்டர் ஆறு உலோகக் கால்களில் நிற்கும் வெள்ளைப் பெட்டி. உள்ளே நுழைந்து கதவைச் சாத்திவிட்டால் அது அச்சு அசலான விமானி அறை. ஜன்னலில் சாங்கி தெரியும், மழை தெரியும், கால்கள் அசையும்போது குலுக்கலும் சாய்வும் உடம்பில் உறைக்கும். எவ்வளவு நம்பகமானது என்றால், ஒரு வகை விமானத்திலிருந்து இன்னொரு வகைக்கு மாறும் அனுபவமுள்ள விமானி அதன் பயிற்சி முழுவதையும் சிமுலேட்டரிலேயே முடிக்கலாம் என்று விதிகள் அனுமதிக்கின்றன. அந்தப் புதிய வகை உண்மை விமானத்தை அவர் முதன்முறை ஓட்டும்போது பின்னால் பயணிகள் உட்கார்ந்திருப்பார்கள். பயணிகளிடம் யாரும் இதைச் சொல்வதில்லை. சொல்லாமலிருப்பதே நல்லது என்று தோன்றுகிறது.

வேலையில் சேர்ந்தபின்னும் விடுதலை இல்லை. வழக்கமாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெட்டிக்குள் போய்த் தேற வேண்டும். முன்பெல்லாம் அந்தத் தேர்வு ஒரு சடங்குபோல இருந்தது. விமானம் எழும்பும் நேரத்தில் இயந்திரம் ஒன்று நிற்கும் என்று விமானிகளுக்கு முன்பே தெரியும். எந்த நிமிடத்தில் நிற்கும் என்பதுகூடப் பலருக்கு ஊகம் உண்டு. கைகள் தாமாகவே வேலை செய்யும். 2013-இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தன் வழிகாட்டியை வெளியிட்ட பிறகு, விபத்துகளிலும் அன்றாடப் பயணங்களிலும் உண்மையில் நடந்தவற்றைக் கொண்டு பயிற்சிகளை அமைக்கும் முறை பரவியது. இப்போது பயிற்சியாளர் சொல்லாத ஒன்று வரும். பெரிய கோளாறு எதுவுமே வராமல், சின்னச் சின்னத் தொந்தரவுகள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வருவதும் உண்டு. கடைசி நேரத்தில் ஓடுபாதை மாற்றம், பயணிகள் பக்கமிருந்து ஒரு மருத்துவ அழைப்பு, ஒரே மாதிரி ஒலிக்கும் எண்ணுடைய இன்னொரு விமானத்துக்கு வந்த உத்தரவு. 231-க்குச் சொன்னதை 321 எடுத்துக்கொள்வது எவ்வளவு சுலபம் என்று யோசித்துப் பாருங்கள்.

புறப்படுவதற்கு முன் விமானிகள் இருவரும் செய்துகொள்ளும் உரையாடலும் மாறியிருக்கிறது. எல்லா எண்களையும் மனப்பாடமாக ஒப்பிப்பதைவிட, இன்றைய பயணத்துக்கே உரிய இரண்டு மூன்று இடர்களைச் சொல்லி, அது நடந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள், நான் என்ன செய்வேன் என்று பேசிவைப்பது முக்கியமாகிவிட்டது. துணை விமானியே முதலில் பேசட்டும் என்று சொல்லும் கேப்டன்கள் உண்டு. கேப்டன் முதலில் பேசிவிட்டால், மற்றவர் அதையே வழிமொழிந்துவிடுவார்.

இன்னொரு பழக்கம், திரும்பப் பெற முடியாத எந்தச் செயலுக்கும் இரு ஜோடிக் கண்கள். ஓர் இயந்திரத்தை அணைக்க வேண்டுமானால் ஒருவர் நெம்புகோலைத் தொட்டு எண்ணைச் சொல்ல, மற்றவர் பார்த்து உறுதி சொன்ன பிறகே கை நகரும். இது வெட்டி வேலைபோலத் தெரியலாம். 2015 பிப்ரவரி 4 அன்று தைப்பேயில் டிரான்ஸ்ஏஷியா விமானம் ஒன்றின் இரண்டு இயந்திரங்களில் ஒன்று பழுதானபோது, விமானி நல்ல இயந்திரத்தை அணைத்துவிட்டார். விமானம் பாலத்தை உரசி ஆற்றில் விழுந்தது. 43 பேர் இறந்தார்கள்.

கருவிகளைப் பற்றிய பாடங்களை எப்படியாவது கற்பித்துவிடலாம். கற்பிக்கக் கடினமான பாடம், வயதிலும் அனுபவத்திலும் கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் நீங்கள் செய்வது சரியில்லை என்று சொல்வது.

நம் வீடுகளில் கல்யாணப் பேச்சின்போது பெரியவர் முகூர்த்த நாளைத் தவறாகச் சொல்லிவிட்டால், சின்னவர்கள் யாரும் நேராகத் திருத்த மாட்டார்கள். “பெரியப்பா, அன்னைக்கு மண்டபம் கிடைக்குமான்னு ஒரு சின்ன சந்தேகம்...” என்று இழுப்பார்கள். பெரியப்பா புரிந்துகொண்டால் உண்டு. விமானி அறையிலும் இதே இழுவைதான் பல விபத்துப் பதிவுகளில் கேட்கிறது. இதை ஆசியர்களின் குணம் என்று சொல்லிவிடுவது சிலருக்கு வசதி. 1977 மார்ச் 27 அன்று டெனெரீஃப் தீவில் இரண்டு 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். உலக விமான வரலாற்றின் மிக மோசமான அந்த விபத்தில், முன்னே இன்னொரு விமானம் ஓடுபாதையில் இருக்கிறதோ என்று ஐயத்தை எழுப்பியவர் ஒரு டச்சு விமானப் பொறியாளர். அதைத் தள்ளிவிட்டவர் அதே டச்சு நிறுவனத்தின் மூத்த கேப்டன்.

சந்தேகமே இல்லாமல் நேராகச் சொன்னாலும் போதாமல் போகலாம். அதற்கு மங்களூரு சாட்சி. 2010 மே 22 விடியற்காலையில் துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் கேப்டன் பயணத்தின் பெரும்பகுதி தூங்கியிருந்தார். குரல் பதிவில் குறட்டை கேட்டது. அவர் விழித்தெழுந்தபின் விமானம் இருக்க வேண்டியதைவிட மிக உயரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. இறங்க வேண்டாம், மீண்டும் மேலே போவோம் என்று துணை விமானி மூன்று முறை சொன்னார். கேப்டன் கேட்கவில்லை. மலையுச்சியைச் சமன்படுத்திப் போட்ட ஓடுபாதையின் பாதியைத் தாண்டித் தரைதொட்ட விமானம் பள்ளத்தில் விழுந்தது. 166 பேரில் 158 பேர் மாண்டார்கள். பத்தாண்டு கழித்து, 2020 ஆகஸ்ட் 7 அன்று, அதே நிறுவனத்தின் விமானம் அதேபோன்ற மலைமேட்டு ஓடுபாதையில், கோழிக்கோட்டில், மழையில் இறங்கி வழுக்கி விழுந்து 21 பேர் இறந்தார்கள். அங்கும் துணை விமானியிடமிருந்து மேலே போகச் சொல்லும் குரல் தாமதமாக எழுந்தது. எழுந்தும் பலனில்லை.

அதனால்தான் இன்றைய பயிற்சி சொல்வதோடு நிற்பதில்லை. படிகள் இருக்கின்றன. முதலில் கேள்வியாகக் கேள், பதிலில்லையென்றால் எச்சரி, அடுத்துத் தெளிவாக எதிர்ப்புச் சொல், கடைசியில் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள். இதைச் சிமுலேட்டரில் பழக்க, சில சமயம் கேப்டன் வேண்டுமென்றே தவறு செய்வார், அல்லது மயங்கியதுபோல் பேசாமலிருப்பார். அதேபோல் ஆயிரம் அடி உயரத்தில் விமானத்தின் வேகமும் கோணமும் வரம்புக்குள் இல்லாவிட்டால் மீண்டும் மேலே போயே ஆக வேண்டும். அப்படிப் போனதற்கு விளக்கம் கேட்டுத் தண்டிக்கக் கூடாது என்பது பல நிறுவனங்களின் விதி. எரிபொருளுக்குச் செலவு கூடும்தான். ஆனால் மேலே போன விமானியை ஒருமுறை கடிந்துகொண்டால், அடுத்த பத்துப் பேர் போக மாட்டார்கள்.

சிங்கப்பூரில் விமானிகளும் மற்றவர்களும் தங்கள் பிழைகளையும் கண்ட குறைகளையும் இரகசியமாக, தண்டனைக்கு அஞ்சாமல் தெரிவிக்க ‘சின்கேர்’ என்ற ஏற்பாடு இருக்கிறது. அதன் நோக்கமும் இதுதான்.

இந்தப் பயிற்சிகள் எல்லாம் பலித்த நாள் ஒன்று உண்டு. அதன் மேடையும் சாங்கிதான், விமானம் மட்டும் ஆஸ்திரேலியாவுடையது.

2010 நவம்பர் 4 காலை பத்து மணியளவில் குவான்டாஸின் ஏ380 விமானம் 469 பேருடன் சிட்னிக்குப் புறப்பட்டது. சில நிமிடங்களில், பாத்தாம் தீவுக்கு மேலே, இடது இறக்கையின் இயந்திரம் ஒன்று வெடித்தது. இயந்திரத்தின் உடைந்த சுழல்தட்டுத் துண்டுகள் இறக்கையைத் துளைத்து நூற்றுக்கணக்கான மின்கம்பிகளை அறுத்தன. பாத்தாமில் வீடுகள்மீது உலோகத் துண்டுகள் விழுந்தன. விமானி அறைத் திரையில் நாற்பதுக்கும் மேற்பட்ட கோளாறுச் செய்திகள் குவிந்தன. ஒன்றைத் தீர்த்தால் இன்னொன்று வரும். இப்படியொரு நிலைமையை எந்தச் சிமுலேட்டரிலும் யாரும் ஓட்டிப் பார்த்ததில்லை.

கேப்டன் ரிச்சர்ட் டி கிரெஸ்பினி அவசரமாகத் தரையிறங்கவில்லை. விமானம் பறக்கிறது, நேரம் இருக்கிறது என்று முடிவு செய்து, சாங்கிக்குக் கிழக்கே கடலுக்கு மேல் வட்டமடித்தார். அன்று தற்செயலாக விமானி அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். கேப்டனைச் சோதிக்க ஒருவர், சோதிப்பவரைச் சோதிக்க இன்னொருவர். பதவிப் போட்டிக்கு இதைவிட வாகான அறை இருக்க முடியாது. ஆனால் அவர்கள் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். ஒருவர் பட்டியல்களைப் படித்தார், ஒருவர் கீழே போய் ஜன்னல் வழியாக இறக்கையைப் பார்த்துவந்தார், ஒருவர் தரையிறங்கத் தேவையான தூரத்தைக் கணக்கிட்டார். முதல் கட்டச் செய்திகளை முடிக்க மட்டுமே 50 நிமிடம் ஆனது. ஒரு கட்டத்தில், எது கெட்டுவிட்டது என்று எண்ணிக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு, எது மிச்சமிருக்கிறது, அதை வைத்து எப்படி இறங்குவது என்று சிந்தனையையே திருப்பிப்போட்டதாக டி கிரெஸ்பினி பின்னர் சொல்லியிருக்கிறார்.

நான்கு கிலோமீட்டர் ஓடுபாதையில் நூறு மீட்டர்தான் மிஞ்சும் என்றது கணக்கு. இறங்குவதற்கு முன் வானத்திலேயே விமானத்தை மெல்ல அசைத்து, அது சொன்னபடி கேட்கிறதா என்று ஒத்திகை பார்த்தார்கள். இறங்கியபோது டயர்கள் வெடித்தன. விமானம் ஓடுபாதையின் முடிவுக்கு முன்பே நின்றது.

நின்றபின்தான் பலர் கவனிக்காத பெரிய தீர்மானம் வந்தது. எரிபொருள் ஒழுகிக்கொண்டிருந்தது, பிரேக்குகள் கொதித்துக்கொண்டிருந்தன, இடது ஓர இயந்திரம் அணைக்க முடியாமல் ஓடிக்கொண்டே இருந்தது. சறுக்குப் பாதைகளைத் திறந்து எல்லோரையும் வெளியேற்றுவதுதான் முதலில் தோன்றும் வழி. ஆனால் சறுக்கி விழுபவர்கள் எங்கே போய் நிற்பார்கள்? ஒழுகும் எரிபொருளிலும் ஓடும் இயந்திரத்தின் முன்பும். தீயணைப்பு வீரர்கள் நுரையைப் பொழிய, பயணிகளை உள்ளேயே உட்காரவைத்து, பிறகு ஒரே கதவு வழியாகப் படிக்கட்டில் இறக்கினார்கள். எல்லோரும் இறங்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. ஒருவருக்கும் காயமில்லை. அடங்காத இயந்திரத்தை நுரையால் மூச்சுத்திணறவைத்து நிறுத்த மூன்று மணி நேரம் பிடித்தது.

வெடிப்புக்குக் காரணம் ரோல்ஸ் ராய்ஸ் இயந்திரத்தில் சரியாகத் துளையிடப்படாத ஒரு சிறிய எண்ணெய்க் குழாய். ஏதோ ஒரு தொழிற்சாலையில் யாரோ செய்த பிழை, சில ஆண்டு கழித்துப் பாத்தாமுக்கு மேலே இடராக வந்து நின்றது. அதே வகை இயந்திரம் பொருத்திய ஏ380 விமானங்களை சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் உடனே சோதித்து, மூன்று விமானங்களில் இயந்திரங்களை மாற்றியது.

பிழையைத் தாமே அறியாத விமானிகளின் கதை நம் ஊரிலும் இருக்கிறது. 2018 அக்டோபர் 12 அதிகாலை திருச்சியிலிருந்து துபாய் கிளம்பிய விமானம் ஓடுதளத்தின் முனையில் இருந்த ஆண்டெனாவையும் சுற்றுச்சுவரையும் இடித்துக்கொண்டு எழும்பியது. ஓடும்போது கேப்டனின் இருக்கைச் சாய்மானம் திடீரெனப் பின்னே சரிய, கையோடு விசைநெம்புகோலும் பின்னே வந்து இயந்திரத்தின் விசை குறைந்துவிட்டது. இருவரும் அதைக் கவனிக்கவில்லை என்று புலனாய்வு சொன்னது. உரசியிருக்கலாம் என்று கோபுரம் கேட்டபோதும், கருவிகள் எல்லாம் சரியாகக் காட்டுகின்றன என்று பறந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் நிறுவனம் மும்பைக்குத் திருப்பி இறக்கியது. அடிவயிறு கிழிந்திருந்தது. 136 பேரும் பிழைத்தார்கள். கருவி சரி என்கிறது, வெளியிலிருந்து ஒருவர் இல்லை என்கிறார். தைப்பேயில் எஸ்க்யூ 006-இல் கருவி சொன்னதைக் கண் மறுத்தது, திருச்சியில் கோபுரம் சொன்னதைக் கருவியை நம்பி மறுத்தார்கள். இரண்டு சாட்சிகள் முரண்பட்டால், வசதியானதை நம்பாமல் நின்று விசாரிக்க வேண்டும் என்பதைப் பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

எவ்வளவு பழகினாலும் முன்கூட்டித் தெரியாத இடர்களும் உண்டு. 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்துகொண்டிருந்த எஸ்க்யூ 321, மியன்மாருக்கு மேலே சுமார் 37,000 அடியில் திடீரெனக் குலுங்கியது. 211 பயணிகளும் 18 ஊழியர்களும் இருந்தார்கள். சிங்கப்பூரின் போக்குவரத்துப் பாதுகாப்புப் புலனாய்வுப் பிரிவு எட்டே நாளில் முதற்கட்டத் தகவலை வெளியிட்டது. விமானம் கீழே வந்தது 178 அடி மட்டும். ஆனால் ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் உடல்கள் இருக்கையை விட்டு மேலே தூக்கி எறியப்பட்டன, அடுத்த நான்கு விநாடிகளில் கீழே வீசப்பட்டன. இருக்கைப் பட்டைச் சின்னம் அதற்குச் சில விநாடிகள் முன்புதான் ஒளிர்ந்தது. தானியங்கிச் செலுத்தி விலகிக்கொள்ள, விமானிகள் 21 விநாடிகள் கையால் ஓட்டி விமானத்தை நிலைக்குக் கொண்டுவந்து, பாங்காக்குக்குத் திருப்பினார்கள். ஒரு முதியவர் உயிரிழந்தார். பலர் முதுகெலும்பிலும் தலையிலும் காயமடைந்தார்கள்.

அங்கே விமானிகளின் கையில் இருந்தது அந்தச் சில விநாடிகளும் பின்வந்த 21 விநாடிகளும்தான். மீதி இடரைக் குறைக்க வேண்டியது நிறுவனம். அடுத்த சில நாள்களில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் பழக்கத்தை மாற்றியது. முன்பு பட்டைச் சின்னம் எரிந்தால் சூடான பானங்களை மட்டும் நிறுத்துவார்கள். இப்போது உணவு வழங்குவதும் முழுமையாக நிற்கும். சூப்பும் வராது, தள்ளுவண்டியும் நகராது. ஊழியர்கள் கழன்று கிடக்கும் பொருள்களைப் பத்திரப்படுத்துவார்கள், பயணிகளைப் பட்டை மாட்டச் சொல்வார்கள், கழிவறையில் யாராவது இருக்கிறார்களா என்று கவனிப்பார்கள். பசியோடு இருக்கும் பயணிகள் சிலர் முணுமுணுக்கிறார்கள்.